பெரிய வீட்டுக்குப் போகலாமா? பேட்டையும் வளவும் சொல்லும் கணக்கு



நம் குடியிருப்பில் இந்தக் காலாண்டில் அதிகம் பேசப்பட்டது எது என்று உங்களுக்கே தெரியும். முதலிடம் லிஃப்டுக்கும் தண்ணீர் லாரிக்கும். அடுத்த இடம், "இந்த ரெண்டு பெட்ரூமைக் குடுத்துட்டு ஒரு வில்லாவுக்குப் போயிடலாமா?" என்ற கேள்விக்கு. மாலை நடைப்பயிற்சியிலும் கார் நிறுத்துமிடத்திலும் குறைந்தது நாலைந்து குடும்பங்கள் இதைப் பேசிக்கொண்டிருக்கின்றன. நான்குவழிச் சாலையோரம் நீச்சல்குளமும் புல்வெளியுமாக விளம்பரப் பலகைகள் நிற்கும்போது இந்த ஆசை வருவது இயல்புதான்.

இது நம் மடலின் வரலாற்றுப் பகுதி. அதனால் "போங்கள்" என்றோ "போகாதீர்கள்" என்றோ சொல்லப் போவதில்லை. இதே கேள்வி நம் ஊரிலும் பக்கத்துச் சீமையிலும் முன்பே எழுந்திருக்கிறது. சிலர் ஒரு விதமாகப் பதில் சொன்னார்கள், சிலர் வேறு விதமாக. அதன் பிறகு என்ன நடந்தது என்பது நம் கண்ணெதிரே நிற்கிறது. அதை எடுத்து வைக்கிறேன், கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

பேட்டை: சுவரும் கிணறும் பொதுவில்

நம் ஊருக்கு முன்பு விருதுப்பட்டி என்று பெயர். 1923-ல்தான் விருதுநகர் ஆனது. 19-ஆம் நூற்றாண்டில் விருதுப்பட்டி, சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை, திருமங்கலம், பாளையம்பட்டி ஆகிய ஊர்களில் நாடார் வணிகர்கள் வந்து தங்கித் தொழில் செய்தார்கள். தெற்கேயிருந்து கருப்பட்டியும் உப்பும் கருவாடும் மாட்டு வண்டியில் வந்தன. பிற்பாடு பருத்தி வியாபாரம் பெருகியது. வழிப்பறி பயம் இருந்த காலம் அது. இரவில் சரக்கோடு வெட்டவெளியில் தங்க முடியாது.

அதற்காக உருவானதுதான் பேட்டை. நாலு பக்கமும் மதில், உள்ளே கிணறு, வண்டிகள் நிற்க இடம், மாடுகளைக் கட்டத் தொழுவம், ஆள் படுக்கக் கொட்டகை. வாசலை அடைத்துவிட்டால் உள்ளே இருப்பவருக்கும் சரக்குக்கும் பயமில்லை. மதிலும் வாசல் காவலும் பொதுக் கிணறும் இருந்த இடம் என்று பார்த்தால், இன்று நாம் "கேட்டட் கம்யூனிட்டி" என்று காசு கொடுத்து வாங்குவதை அந்த வண்டிக்காரர்கள் அப்போதே வைத்திருந்தார்கள்.

இதை நடத்தப் பணம்? அதற்கு மகமை. விற்கிற, வாங்குகிற சரக்கில் இவ்வளவு என்று ஒவ்வொரு வியாபாரியும் பொதுநிதிக்குத் தரவேண்டும். வியாபாரம் பெரிதானால் மகமையும் பெரிது. அந்த நிதியில் பேட்டையைப் பராமரித்தார்கள், கிணறு வெட்டினார்கள், கோயில் காரியம் பார்த்தார்கள். 1885-ல் விருதுப்பட்டியில் சத்திரிய வித்தியாசாலை தொடங்கியபோது மகமையோடு பிடியரிசியும் சேர்ந்தது. வீட்டில் சோறு வடிக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுப்பார்கள். பிற்காலத்தில் தமிழ்நாடு முழுக்கப் பள்ளிக்கூடம் திறந்த ஒருவர் சிறுவனாகப் படித்தது அந்தப் பள்ளியில்தான்.

இதிலிருந்து ஒரு செய்தியை எடுத்துக்கொள்ளலாம். ஒரு குடும்பம் தனியாகக் கட்ட முடியாத வசதியைப் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து கட்டிக்கொண்டன. பாதுகாப்பு, தண்ணீர், பிள்ளைகள் படிப்பு எல்லாம் பொதுவில் கிடைத்தன. மாதா மாதம் பராமரிப்புக் கட்டணம் கட்டும்போது நாம் முகம் சுளிக்கிறோம். உண்மையில் அது மகமையின் பேரப்பிள்ளை.

முதலமைச்சரின் வீடு

அடுத்து, நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு வீடு. 1903 ஜூலை 15 அன்று விருதுப்பட்டியில் பிறந்த காமராஜர் வளர்ந்த வீடு. இப்போது அரசு நினைவில்லமாகப் பராமரிக்கிறது. வெளியூர் உறவினர்கள் வந்தால் அழைத்துப் போய்க் காட்டியிருப்பீர்கள். உள்ளே நுழைந்ததும் எல்லோரும் சொல்லும் வார்த்தை ஒன்றுதான்: "இவ்வளவு சின்ன வீடா!"

காமராஜர் 1954 ஏப்ரல் 13 முதல் 1963 அக்டோபர் 2 வரை முதலமைச்சர். அந்த ஒன்பதரை ஆண்டும் தாயார் சிவகாமி அம்மாள் இந்த வீட்டில்தான் இருந்தார். மகன் இருந்தது சென்னை தியாகராய நகர், திருமலைப்பிள்ளை சாலையில் ஒரு வாடகை வீட்டில். 1975 அக்டோபர் 2 அன்று அவர் உயிர் பிரிந்ததும் அங்கேதான். சென்னையில் சொந்த வீடு என்று ஒன்றை அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

நம் ஊர்ப் பெரியவர்கள் இரண்டு செய்திகளைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். தாயார் வீட்டுக்கு நேராகக் குடிநீர்க் குழாய் போட்டதைக் கேள்விப்பட்டு, "தெருவுக்கு இல்லாதது நம் வீட்டுக்கு எதற்கு?" என்று அதை எடுக்கச் சொன்னாராம். வந்து போகிறவர்கள் கூட்டத்துக்கு ஒரு கழிப்பறை கட்ட, பக்கத்து இடத்தை வாங்கிக் கொடு என்று தாயார் கேட்டபோது அதற்கும் சம்மதிக்கவில்லையாம்.

இந்தக் கதைகளை நாம் எளிமைக்கு உதாரணமாகச் சொல்கிறோம். கொஞ்சம் நின்று தாயார் பக்கமிருந்தும் பாருங்கள். வயதான ஒரு பெண்மணி தண்ணீரும் கழிப்பறையும் கேட்டது ஆடம்பரத்தில் சேராது, அது தேவை. மகன் மறுத்ததற்குப் பொதுவாழ்வில் இருந்தவருக்கு ஒரு காரணம் இருந்தது. பதவியால் வந்த வசதி என்று யாரும் விரல் நீட்டிவிடக் கூடாது என்பது அவர் கணக்கு. நமக்கு அந்தக் காரணம் இல்லை. ஆகவே, அம்மாவுக்கு மேற்கத்தியக் கழிப்பறை உள்ள தரைத்தள வீடு வேண்டும் என்று ஒருவர் மாறினால், "காமராஜர் எப்படி இருந்தார் பார்" என்று அவரிடம் சொல்வது நியாயமாகாது. தேவைக்கும் தோற்றத்துக்கும் நடுவே கோடு போட்டுப் பார்ப்பதற்குத்தான் அந்தச் சின்ன வீடு நமக்கு உதவும்.

நூறு கிலோமீட்டர் கிழக்கே: செட்டிநாட்டு வளவு

இனி நேர் எதிரான உதாரணம். நம் ஊரிலிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டரில் காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், ஆத்தங்குடி. ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடுகள் அங்கே உண்டு. முகப்பு, திண்ணை, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு, அதற்குப் பின்னால் சமையற்கட்டு என்று போய்க்கொண்டே இருக்கும். பர்மாத் தேக்கில் தூண், இத்தாலியப் பளிங்கில் தரை, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு. கையால் தடவினால் இன்றைக்கும் வழுவழுவென்று இருக்கும்.

நகரத்தார் இவ்வளவு பெரிதாகக் கட்டியதைப் பகட்டு என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிட முடியாது. காரணங்கள் இருந்தன. கல்யாணம் ஆன ஒவ்வொரு மகனும் தனிப் 'புள்ளி'. வளவைச் சுற்றி ஆளுக்கோர் அறை, அவரவருக்குத் தனி அடுப்பு, ஆனால் கூரை ஒன்று. திருமணமும் படைப்பும் வீட்டிலேயே நடக்கும், ஊரே உட்கார்ந்து சாப்பிடும். சீர்ச் சாமான்களை அடுக்க அறைகள் வேண்டும். வெயிலுக்கு நடுமுற்றம், மழைநீர் சேர அதே முற்றம். அந்த வறண்ட சீமைக்குப் பொருத்தமான திட்டம்தான் அது.

பணம் எங்கிருந்து வந்தது? பெரும்பங்கு பர்மாவிலிருந்து. 1852-ல் கீழ்பர்மா ஆங்கிலேயர் வசமானது. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்ததும் அங்கே நெல் விளைச்சல் ஏற்றுமதிக்காகப் பெருகியது. விவசாயிகளுக்குக் கடன் கொடுத்தவர்களில் முதன்மையானவர்கள் நகரத்தார். 1930-ஐ ஒட்டி வந்த பர்மா வங்கி விசாரணைக் குழு, அங்கே 1,600-க்கு மேற்பட்ட செட்டியார் கடைகள் இருந்ததாகவும் அவர்கள் நடைமுறையில் போட்டிருந்த தொகை சுமார் 75 கோடி ரூபாய் என்றும் கணக்கிட்டது. 1930-ல் 75 கோடி ரூபாய் என்பதை நினைத்துப் பாருங்கள்.

பணம் வர வர வீடுகள் வளர்ந்தன. 19-ஆம் நூற்றாண்டில் கட்டியவை பெரும்பாலும் ஒரே தளம், மரத்தூண், முற்றம். 20-ஆம் நூற்றாண்டு பிறந்ததும் மேல்தளம், பெரிய கல்யாணக் கூடம், பளிங்கு, வெளிநாட்டுக் கண்ணாடி விளக்கு எல்லாம் சேர்ந்தன. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் கானாடுகாத்தான் அரண்மனை 1912-ஐச் சேர்ந்தது. பக்கத்து வீடு உயர்ந்தால் நம் வீடும் உயர வேண்டும் என்பது எந்தத் தெருவிலும் உள்ளதுதான்.

இந்த இடத்தில் பிரான்ஸ் நாட்டுச் சம்பவம் ஒன்று. தெனி திதரோ என்ற அறிஞர் 1769-ல் ஒரு கட்டுரை எழுதினார். அவருக்கு ஓர் அழகான சிவப்பு மேலங்கி கிடைத்தது. போட்டுக்கொண்டு அறையைப் பார்த்தால் பழைய நாற்காலி பொருந்தவில்லை. அதை மாற்றினார். பிறகு மேசை பொருந்தவில்லை, சுவரில் தொங்கிய படம் பொருந்தவில்லை. ஒவ்வொன்றாக மாற்றி முடித்ததும், பழைய அங்கிக்குத் தான் எஜமானனாக இருந்ததையும் புதிய அங்கிக்கு அடிமையாகிவிட்டதையும் நினைத்து வருந்தினார். புது வீட்டுக்குக் குடிபோனவர்களைக் கேளுங்கள். பழைய சோபாவும் பழைய திரைச்சீலையும் புது வீட்டு வாசலைத் தாண்டுவதே இல்லை. விலைப் பட்டியலில் இந்தச் செலவை யாரும் எழுதுவதும் இல்லை.

1930-லிருந்து 1942 வரை

1930-ல் உலக மந்தம். நெல் விலை சரிந்தது. பர்மிய விவசாயிகளால் கடனைக் கட்ட முடியவில்லை. அடமானமாக எழுதிக் கொடுத்த நிலங்கள் கடன் கொடுத்தவர் கைக்கு வந்தன. கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் நகரத்தார் வசம் இருந்த சாகுபடி நிலம் சுமார் 6 சதவீதம். 1938-ல் அது ஏறக்குறைய 25 சதவீதம். கேட்பதற்குச் செழிப்பாகத் தெரியும். ஆனால் அவர்கள் கேட்டது நிலமில்லை, பணம். நிலத்தை மூட்டை கட்டிக் காரைக்குடிக்குக் கொண்டுவர முடியாது. பர்மிய மக்களின் கோபமும் அவர்கள் மேல் திரும்பியது. 1937 ஏப்ரல் 1-ல் பர்மா இந்தியாவிலிருந்து தனி நிர்வாகமாகப் பிரிந்தது.

1941 டிசம்பரில் ரங்கூன்மீது ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. 1942 மார்ச்சில் நகரம் ஜப்பானியர் வசமானது. இந்தியர்கள் லட்சக்கணக்கில் கப்பலிலும் கால்நடையாகவும் தப்பி வந்தார்கள். போருக்குப் பின் சுதந்திர பர்மா 1948-ல் நில நாட்டுடைமைச் சட்டம் கொண்டுவந்தது. 1962-ல் ஆட்சியைப் பிடித்த நே வின் அரசு கடைகளையும் தொழில்களையும் எடுத்துக்கொண்டது. வருமானம் அத்தோடு முடிந்தது.

வீடு மட்டும் நின்றது. அறுபது, எழுபது அறைகள், நூற்றுக்கணக்கான சன்னல்கள். ஓடு மாற்ற வேண்டும், தேக்குக்கு எண்ணெய் பூச வேண்டும், கூட்டித் துடைக்கவே ஆள் வேண்டும். தலைமுறைகள் தாண்டத் தாண்ட ஒரு வீட்டுக்குப் பல டஜன் வாரிசுகள். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் அமெரிக்காவில். விற்பதற்கோ பழுது பார்ப்பதற்கோ எல்லோருடைய சம்மதமும் வேண்டும். பூட்டிக் கிடந்த வீடுகள் பல. பிரித்து விற்கப்பட்டவையும் பல. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனால் இன்றைக்கும் பார்க்கலாம்: நிலைக்கதவு, தூண், எனாமல் பாத்திரம், பளிங்கு மேசை, யார் வீட்டுத் தாத்தா என்றே தெரியாத புகைப்படங்கள். ஒரு குடும்பத்தின் பெருமை, கடையில் விலை ஒட்டிக் கிடக்கும்.

எது மிஞ்சியது?

எல்லாம் போய்விட்டது என்று சொன்னால் அதுவும் தப்பு. சில வீடுகள் விடுதிகளாகி, வெளிநாட்டுப் பயணிகளின் வாடகையில் தங்களைத் தாங்களே காப்பாற்றிக்கொள்கின்றன. ஆத்தங்குடிக் கல் பதிக்கும் கைத்தொழில் இன்னும் உயிரோடு இருக்கிறது. 2014-ல் செட்டிநாட்டுக் கிராமங்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன.

அதே பர்மா, மலேயாப் பணத்தின் இன்னொரு பகுதி வேறு இடத்துக்குப் போனது. 1929-ல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வந்தது. 1947-ல் வள்ளல் அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-ல் அதற்கு அடிக்கல் நாட்டியவர் நேரு. கல்யாணக் கூடங்களில் போட்ட பணம் பூட்டிக் கிடக்க, கல்வியில் போட்ட பணம் இன்றுவரை ஆண்டுதோறும் பட்டதாரிகளை அனுப்பிக்கொண்டிருக்கிறது. நம் ஊர்ப் பிடியரிசிக்கும் அதே கதைதான்.

நமக்கு ஏன் இது முக்கியம்?

செட்டிநாட்டு வீடுகளின் குறை அவற்றின் அளவில் இல்லை. ஒரே இடத்திலிருந்து வரும் வருமானத்தை நம்பி, சுருக்க முடியாத செலவை ஏற்றுக்கொண்டதுதான் குறை. இதைச் சொல்லும்போது நம் வட்டாரத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

1920-களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். அதிலிருந்து தீப்பெட்டி, அச்சகம், பட்டாசு என்று மூன்று கிளைகள் விரிந்தன. அவற்றில் பட்டாசு, ஆண்டு முழுக்க உழைத்து ஒரு பண்டிகையை நம்பி வசூல் பார்க்கிற தொழில். 2018 அக்டோபர் 23-ல் உச்ச நீதிமன்றம் பேரியம் சேர்ந்த பட்டாசுக்கும் சரவெடிக்கும் தடை விதித்தது. அந்தத் தீபாவளிக்குப் பிறகு ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். ஆலை முதலாளி, வேன் ஓட்டுபவர், லேபிள் அச்சடிப்பவர், கணக்கு எழுதுபவர், கடை வைத்திருப்பவர் எல்லோரையும் அது தொட்டது. நம் குடியிருப்பிலும் பல வீடுகளின் வருமானம் நேராகவோ சுற்றியோ அந்த ஒரு சீசனைத்தான் சார்ந்திருக்கிறது. 1930-க்கு முந்தைய வருமானத்தை வைத்துக் கட்டிய கூடத்துக்கும், ஒரு நல்ல தீபாவளி வசூலை வைத்து இருபது ஆண்டுத் தவணை போடுவதற்கும் உள்ள ஒற்றுமையைக் கொஞ்சம் யோசியுங்கள்.

கையெழுத்துப் போடுமுன் ஐந்து கேள்விகள்

1. தவணை எவ்வளவு? உதாரணத்துக்கு 50 லட்சம் கூடுதல் கடன், 8.5 சதவீத வட்டி, 20 ஆண்டு என்றால் மாதம் சுமார் 43,400 ரூபாய். மொத்தம் கட்டுவது சுமார் 1 கோடியே 4 லட்சம். வீட்டில் வருமானம் ஆறு மாதம் நின்றால் இதை எதிலிருந்து கட்டுவீர்கள் என்பதைக் காகிதத்தில் எழுதிப் பாருங்கள்.

2. தவணை முடிந்த பிறகும் முடியாத செலவு எவ்வளவு? பராமரிப்பு பெரும்பாலும் சதுர அடிக் கணக்கு. 1,000 சதுர அடிக்கு 3 ரூபாய் என்றால் மாதம் 3,000. 2,400 சதுர அடிக்கு 4 ரூபாய் என்றால் 9,600. இதோடு கூடுதல் ஏசி, புல்வெளிக்குத் தண்ணீர், வேலையாள், சொத்து வரி. கோடையில் குடிக்கவே லாரித் தண்ணீர் வாங்கும் ஊரில் நீச்சல்குளத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று விற்பவரிடம் கேட்டுவிடுங்கள்.

3. கூடுதல் அறை யாருக்கு? வளவு அறைகளில் மகன்கள் குடும்பம் நடத்தினார்கள். நம் பிள்ளைகள் பெங்களூரிலும் துபாயிலும் இருக்கிறார்கள். ஆண்டுக்குப் பத்து நாள் வரும் விருந்தாளிக்காக 355 நாள் அறையைத் துடைப்பது தேவையா என்பதை உங்கள் முழங்காலிடம் கேளுங்கள். மாறாக, பெற்றோர் உங்களோடு வந்து தங்கப்போகிறார்கள் என்றால் அந்த அறைக்கு விலை அதிகமில்லை.

4. இங்கேயே சரிசெய்ய முடியாத குறையா? காற்று வரவில்லை, கழிப்பறை வழுக்குகிறது, மாடிப்படி ஏற முடியவில்லை என்பவற்றில் சிலவற்றை இரண்டு மூன்று லட்சத்தில் சரிசெய்யலாம். கட்டடமே பழசாகிறது என்ற பயம் இருந்தால் இன்னொரு தகவல்: தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமையாளர் சட்டம் 2022-ன்படி, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானம் செய்ய வழி இருக்கிறது. செட்டிநாட்டு வாரிசுகளைப் போல ஒரே ஒருவர் கையெழுத்துக்காக எல்லோரும் காத்திருக்க வேண்டியதில்லை.

5. போகிற இடத்தில் பேட்டை இருக்கிறதா? மதில் இருக்கும், அது போதாது. இரவு பதினோரு மணிக்கு நெஞ்சுவலி என்றால் கதவைத் தட்ட யார் இருக்கிறார்கள்? இங்கே நாம் பெயர் சொல்லி அழைக்கும் வாட்ச்மேனும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் எதிர்வீட்டு அக்காவும் எந்த விலைப் பட்டியலிலும் இல்லை.

ஐந்துக்கும் தயங்காமல் பதில் வந்தால் தாராளமாகப் போங்கள். கிரகப்பிரவேசத்துக்கு நாங்கள் எல்லோரும் வருவோம். இரண்டு கேள்வியில் தடுமாறினால் இன்னொரு தீபாவளி பொறுத்துப் பாருங்கள். இடைப்பட்ட காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு காலையில் நம் ஊர் நினைவில்லத்தையும் மதியம் கானாடுகாத்தானையும் பார்த்துவிட்டு வாருங்கள். இரண்டு வீட்டையும் ஒரே நாளில் பார்த்தவருக்கு எந்த விளம்பரப் பலகையையும் நிதானமாகப் படிக்க வரும்.

இந்த மடலைப் படிப்பவர்களில் வீடு மாறியவர்களும், மாற நினைத்து நின்றவர்களும் உண்டு. உங்கள் கணக்கு எப்படி வந்தது என்று எழுதிச் சங்க அலுவலகத்தில் கொடுத்தால் அடுத்த மடலில் வெளியிடலாம். அடுத்து முடிவெடுக்கப்போகும் வீட்டுக்காரருக்கு அது உதவும்.